அந்தக் குப்பைக்குள்ள மூணு முட்டை இருந்துச்சு

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வந்துடுங்க, இடம் இருக்கு.

பல வருஷம் முன்னாடி நாங்க காலேஜ் பசங்க ஒரு நாப்பது பேர் ஒரு ஏரிய சுத்தம் பண்ணப் போனோம். கையில கிளவுஸ், சாக்குப்பை, போட்டோ எடுக்க ஒரு ஆளு, உற்சாகத்துக்கு குறைச்சலே இல்ல. பிளாஸ்டிக்க பொறுக்கி முடிச்சதும் கரையோரம் இருந்த கோரையையும் சேத்து அறுத்துத் தள்ளினோம், பாக்க க்ளீனா இருக்கட்டுமேன்னு. தண்ணில அழுகின பாசி ஒரு குவியலா மிதந்துச்சு, அத நான்தான் இழுத்து கரையில போட்டேன். உள்ளேர்ந்து மூணு முட்டை உருண்டுச்சு. தொட்டுப் பாத்தா இன்னும் வெதுவெதுன்னு இருந்துச்சு.

அது முக்குளிப்பானோட கூடு. அந்தப் பறவை கூட்ட விட்டு இறங்குறப்போ ஈரப் பாசிய அலகால இழுத்து முட்டைய மூடிட்டுத்தான் போகும், வெள்ளை முட்டை அந்தப் பாசிச் சாயத்துலயே பழுப்பேறிப் போயிடும். தெரிஞ்சவனுக்கு அது கூடு, எனக்கு அது குப்பை. எங்க நாப்பது பேர்ல ஒருத்தருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, ஆனா தண்ணிய பாக்க எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. ஈரநிலத்துக்கு இளைஞர்கள கூட்டிட்டு வரணும்னு எல்லா மேடையிலயும் சொல்றாங்க, வந்தவங்களுக்கு என்ன கத்துக் குடுத்தோம்னு கேட்டா பதில் வர மாட்டேங்குது.

1971 பிப்ரவரி 2ஆம் தேதி ஈரான்ல ராம்சார்ங்கிற ஊர்ல ஈரநிலங்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, அதனாலதான் அந்தத் தேதிய உலக ஈரநில நாளா வச்சிருக்கோம். அந்த ஒப்பந்தப்படி ஏரி, சதுப்பு, அலையாத்திக் காடு மட்டும் இல்ல, கடல் வத்துறப்போ 6 மீட்டருக்கு மேல ஆழம் போகாத கரையோரம்கூட ஈரநிலம்தான். இவ்வளவு விரிவா எழுதி வச்சும் 1970லேர்ந்து 2015க்குள்ள கணக்கெடுத்த இயற்கை ஈரநிலங்கள்ல சுமார் 35 சதவீதம் போயிடுச்சு. இத சொன்னா பசங்க முகம் வாடிடுது, அதனால நான் இந்த நம்பரோட நிறுத்துறதில்ல, உடனே தண்ணிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்.

ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு கைவலை, இது போதும். கரையோரச் செடிக்குள்ள வலைய ரெண்டு இழுப்பு இழுத்து தட்டுல கொட்டுங்க. முதல்ல சேறும் தழையும்தான் தெரியும், எல்லாரும் "ஒண்ணும் இல்லையே"ன்னு எழுந்திரிப்பாங்க. எழுந்திரிக்காதீங்க. ரெண்டு நிமிஷம் அசையாம பாருங்க. ஒரு தழைத்துண்டு தானா நகரும். தட்டான்பூச்சியோட இளம்புழு அது, பின்பக்கத்தால தண்ணிய பீய்ச்சி அடிச்சு சர்ருன்னு முன்னாடி பாயும். பக்கத்துல வால்ல மூணு நூல் வச்ச குட்டிப் பூச்சி ஒண்ணு, வயித்தோட ரெண்டு பக்கமும் செவுள் படபடன்னு அடிச்சுக்கும், அது மேஃப்ளையோட இளம்புழு, அதுல நிறைய வகைக்கு நல்ல ஆக்சிஜன் வேணும். இதெல்லாம் இல்லாம சிவப்பு சிவப்பா ரத்தப்புழு மட்டும் நெளியுதுன்னா கவலைப்படணும், ஏன்னா அதுக்கு உடம்புல ஹீமோகுளோபின் இருக்கு, ஆக்சிஜன் குறைஞ்ச தண்ணிலயும் தாக்குப்பிடிச்சிடும். லேப் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே தட்டு ஒரு சேதி சொல்லிடுது பாருங்க. முடிஞ்சதும் எல்லாத்தையும் பிடிச்ச இடத்துலயே விட்டுடணும், இத நான் கண்டிப்பா பாப்பேன்.

தண்ணித் தெளிவு பாக்க செக்கி தட்டுன்னு ஒரு வட்டத் தகடு இருக்கு, 1865ல வந்த ஐடியா, இன்னும் அத மிஞ்சின சிம்பிளான கருவி இல்ல. கயித்துல கட்டி இறக்குங்க, கண்ணுக்கு மறையிற ஆழத்த குறிச்சுக்கோங்க, மேல தூக்குறப்போ மறுபடி தெரியிற ஆழத்தையும் குறிச்சுக்கோங்க, ரெண்டுக்கும் சராசரி எடுங்க. பறவைக் கூட்டம்னா முதல்ல பத்த மட்டும் எண்ணி அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு கண்ணுல பதிச்சுக்கணும், அப்புறம் அந்த அளவ கூட்டத்து மேல வச்சு வச்சுப் போகணும். தலைய தூக்கி உங்கள பாக்க ஆரம்பிச்சுட்டா நீங்க ரொம்ப கிட்ட வந்துட்டீங்கன்னு அர்த்தம், பின்வாங்கிடுங்க.

இதுல கஷ்டமான பகுதி கருவி இல்ல, திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு அதே நேரத்துக்குப் போறதுதான். ஒண்ணும் காணலன்னா நோட்டுல பூஜ்யம்னு எழுதணும், அந்த வரிய காலியா விட்டா பறவை வரலையா நாம போகலையான்னு பின்னாடி பாக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் நானூறு பேர் வர்றதவிட ரெண்டு வருஷம் நாலு பேர் வர்றது எனக்குப் பெருசு.

கத்துக்கிட்டவங்கள முடிவெடுக்கிற மேசையில உக்கார வைக்கணும், இது உரிமையாவே கேக்க வேண்டியது. 2022 நவம்பர்ல நடந்த ராம்சார் மாநாட்டுல இளைஞர்கள சேத்துக்கிறது பத்தி தனியா ஒரு தீர்மானமே நிறைவேத்தினாங்க. தீர்மானம் காகிதத்துல இருக்கு, நாற்காலி இன்னும் நிறைய இடத்துல போடல.

நாற்காலி போட்டா என்ன ஆகும்னு ஒரு தடவ நேர்ல பாத்தேன். தண்ணிய எப்ப திறக்கலாம்னு ஒரு கூட்டம், எங்ககூட வர்ற பொண்ணு ஒண்ணு, பத்தொன்பது வயசு, நோட்டோட வந்திருந்துச்சு. பதினாலு மாசமா வாராவாரம் அளவுகோல்ல பாத்த தண்ணி மட்டம், எந்த வாரம் எந்தக் கூட்டுல முட்டை, எந்த வாரம் குஞ்சு, எல்லாம் அதுல இருக்கு. முக்குளிப்பான் கூடு மிதக்கும், ஆனா செடியோட பிணைச்சிருக்கும், தண்ணி சட்டுன்னு இறங்கினா கூடு சேத்துல உக்காந்துடும், நாய் நரியெல்லாம் நடந்தே வந்து எடுத்துடும். பொண்ணு இத மெதுவா சொல்லிட்டு நோட்ட திருப்பி வச்சுது. அதிகாரி கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரெண்டு பக்கம் படிச்சாரு. "குஞ்சு இறங்க இன்னும் எத்தன நாள்மா ஆகும்?"னு கேட்டாரு. "பதினெட்டு நாள் சார்." மதக இருபது நாள் தள்ளி, அதுவும் கொஞ்சங்கொஞ்சமா திறக்கிறதுன்னு அன்னிக்கே எழுதிக்கிட்டாங்க.

வெளிய மேசையில தட்டும் வலையும் வச்சிருக்கேன், கரைக்குப் போகலாம் வாங்க.