வேருக்கடியில் நடக்கும் வேலை

நேயர்களுக்கு வணக்கம். மக்காச்சோளம் போட்டவர்களுக்குப் படைப்புழுவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் நாட்டுக்கு அது 2018-இல் வந்தது. ஆப்பிரிக்காவில் 2016-லேயே புகுந்துவிட்டது. ஆனால் அங்கே விக்டோரியா ஏரியைச் சுற்றியுள்ள சில விவசாயிகளின் வயல்களில் மட்டும் சேதம் குறைவாக இருந்தது. அந்த வயல்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கென்யாவின் 'இசிப்பே' பூச்சியியல் மையமும் இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வு நிலையமும் 1990-களில் மக்காச்சோளத் தண்டைக் குடையும் தண்டுத் துளைப்பான் புழுவுக்கு வழி தேடின. அப்போது கிடைத்த முறைதான் அந்த வயல்களில் இருந்தது. மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறு வகைச் செடி, வயலைச் சுற்றி நேப்பியர் புல். டெஸ்மோடியத்தின் வாசனை தாய் அந்துப்பூச்சிக்கு ஆகாது. விலகிப் போய் நேப்பியரில் முட்டையிடும். புழு துளைத்ததும் அந்தப் புல் பிசின் போன்ற சாற்றைக் கசியவிடும். பெரும்பாலான புழுக்கள் அதிலேயே மடியும். நம் மாடுகளுக்குப் போடுகிறோமே கம்பு நேப்பியர், அது இந்தப் புல்லையும் கம்பையும் சேர்த்து உருவாக்கியதுதான்.

அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அங்கே பயிரின் வேரைப் பற்றி உறிஞ்சும் களை ஒன்று உண்டு, நம் சுடுமல்லியின் இனம். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். அவை பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். டெஸ்மோடியம் இருந்த இடத்தில் அந்தக் களை மங்கிப்போனது. காரணம் டெஸ்மோடியத்தின் வேரில் இருந்தது. வேர்க்கசிவில் உள்ள ஒரு பொருள் களை விதையை முளைக்கத் தூண்டுகிறது. இன்னொன்று அதைப் பயிரின் வேரில் ஒட்டவிடாமல் தடுக்கிறது. முளைத்தது பற்றிக்கொள்ள வேரில்லாமல் சாகிறது. மண்ணில் கிடக்கும் விதைகளே ஆண்டுக்காண்டு குறைகின்றன! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த முறை வறண்ட பகுதிகளுக்குப் போனபோது நேப்பியரும் முதலில் போட்ட டெஸ்மோடியமும் தாங்கவில்லை. ஆய்வாளர்கள் விடவில்லை; வறட்சி தாங்கும் பிராக்கியேரியா புல்லையும் பச்சையிலை டெஸ்மோடியத்தையும் கொண்டுவந்தார்கள்.

சிரமமும் உண்டு. முதல் பருவத்தில் கைவேலை அதிகம், விதையும் எளிதில் கிடைப்பதில்லை. ஒருமுறை நிலைத்துவிட்டால் டெஸ்மோடியம் பல ஆண்டு நிற்கும், மண்ணில் தழைச்சத்து சேர்க்கும், மாட்டுக்குத் தீவனமாகும்.

சரி, நமக்கும் இதே செடிதான் வேண்டுமா? அப்படி இல்லை. நாம் ஊடுபயிராகப் போடும் உளுந்தும் தட்டைப்பயறும் மண்ணுக்குள் என்னென்ன செய்கின்றன என்பதை, பெரம்பலூர் பக்கத்து மானாவாரிக் காட்டிலேயே, விவசாயியோடு சேர்ந்து நாலைந்து பருவம் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மூலையை ஒதுக்கித் தர முன்வரும் விவசாயிகள் உங்களில் நிச்சயம் இருப்பீர்கள். நன்றி, வணக்கம்.