பேனிங்: ஒரு அடிக் கணக்கு

[திரையில்: மலேசியா, சுங்கை சிப்புட், சாயங்காலம். கடை வரிசை முன்னால ஒரு கப்சாய் (சின்ன மோட்டார்சைக்கிள்). படம் 1/500 வினாடியில எடுத்தது.]

மோட்டார் பளிச்சுனு இருக்கு. சக்கரக் கம்பிய ஒவ்வொண்ணா எண்ணலாம். ஆனா ஓடுற மோட்டார் மாதிரியா இருக்கு? ஆள உக்கார வச்சு நிறுத்திப் பிடிச்ச மாதிரிதான் இருக்கு.

[திரையில்: அதே மோட்டார், அதே வேகம், 1/30 வினாடி.]

இப்ப ஆள் தெளிவு. பின்னால கடைப் பலகையெல்லாம் கோடு கோடா இழுபட்டிருக்கு, சக்கரக் கம்பி கரைஞ்சு போச்சு. இதுதான் பேனிங். ஷட்டர், அதாவது கேமராவுக்குள்ள வெளிச்சத்த விடுற கதவு, திறந்திருக்கிற நேரம் பூரா கேமராவும் வண்டியோடவே திரும்பணும்.

எந்த வண்டிக்கு எந்த ஷட்டர்னு பட்டியல் மனப்பாடம் பண்ண வேணாம். ஷட்டர் திறந்து மூடுறதுக்குள்ள வண்டி ஏறக்குறைய ஒரு அடி ஓடணும், அதாவது 30 சென்டிமீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர்ல போற மோட்டார் வினாடிக்கு 10 மீட்டர் ஓடுது. 1/30 வச்சா 33 சென்டிமீட்டர், சரியா வந்துடுச்சு. 15 கிலோமீட்டர்ல மிதிக்கிற சைக்கிளுக்கு 1/15. 60ல வர்ற செம்பனைக் குலை லோரிக்கு 1/60. நடந்து போறவருக்கு 1/5, அது கொஞ்சம் கஷ்டம், பிறகு பாத்துக்கலாம். முதல் நாள் மோட்டாருக்கே 1/125ல ஆரம்பிங்க. கோடு சின்னதா வரும், ஆனா கை பழகும்.

லென்ஸ் நீளமா இருந்தா கோடு நீளும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. இல்ல. கிட்ட நின்னு 50 மில்லிமீட்டர் லென்ஸ்ல எடுங்க, தள்ளி நின்னு 200ல எடுங்க. ஃபிரேம்ல மோட்டார் ஒரே அளவுல இருந்தா கோடும் ஒரே நீளம்தான். தூரம் வேற ஒரு விஷயத்துக்குத்தான் முக்கியம். எட்டு மீட்டர் நீள லோரிய 10 மீட்டர் தள்ளி நின்னு எடுத்தா, நடுப்பகுதி கூர்மையா இருக்கும், தலையும் வாலும் மங்கிடும். வண்டி நேர்கோட்டுல போகுது, நீங்க வட்டமா திரும்புறீங்க, ஓரங்கள் ஒத்துப் போகாது. லோரிக்கு 20 மீட்டராவது வேணும். மோட்டாருக்கு 10 போதும்.

[திரையில்: பெரிய சடக்கு, மேலிருந்து வரைபடம். ரெண்டு அம்புக்குறி.]

நம்ம நாட்டுல வண்டி இடப்பக்கம் ஓடுது. அதனால உங்க ஓரத்துல வர்றது உங்க வலக்கைப் பக்கமிருந்து வரும், எதிர்த்தடத்துல வர்றது இடக்கைப் பக்கமிருந்து. பழகுறவங்களுக்கு எதிர்த்தடம் சுலபம். தூரம் கூட, திருப்புற வேகம் கம்மி. தொந்தரவு என்னன்னா, சரியான நேரத்துல குறுக்க ஒரு வேன் வந்து நிக்கும். ஈப்போ – கோலகங்சார் சாலையில இது ரொம்ப நடக்கும். தோட்டத்துக்குள்ள போற சடக்குல வண்டி கம்மி, நிதானமா பழகலாம்.

பின்னணிக்குச் செம்பனை வரிசைய அடிச்சுக்க ஆளில்ல. மரம் கறுப்பு, இடைவெளி வெளிச்சம், இழுத்தா அழகான கோடு. வெறும் வானமோ வெள்ளைச் சுவரோ இருந்தா இழுக்க ஒண்ணும் இல்ல, உழைப்பு வீண். கோயில் மதில் சிவப்பு வெள்ளைப் பட்டையில ஒரு சிக்கல் இருக்கு. பட்டையவிட கோடு நீண்டா ரெண்டு நிறமும் கலந்து மொத்தமும் ரோஸ் பூசுன மாதிரி ஆயிடும்.

வெளிச்சம். உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துவார எண், எண் கூடுனா துவாரம் சின்னது) 16 வச்சா ஷட்டர் 1/100 கிட்ட வரும். 1/30 வேணும்னா எஃப் 29 கேக்கும், நிறைய லென்ஸ் 22லயே நின்னுடும். அந்த 22லயும் படம் மழுங்கும், சென்சார் தூசியெல்லாம் புள்ளி புள்ளியா தெரியும். வெளிச்சத்த எட்டுல ஒரு பங்கா குறைக்கிற என்டி 8 ஃபில்டர் போட்டா எஃப் 10லயே முடிச்சிடலாம். ஃபில்டர் இல்லையா, சாயங்காலம் ஆறரைக்கு மேல வாங்க. பெரும்பாலான ஃபோன்ல துவாரம் மாறாது, அதனால பகல்ல கஷ்டம். சூரியன் இறங்குன கையோட புரோ மோட்ல (அளவெல்லாம் நாமே வைக்கிற முறை) ஐஎஸ்ஓ 50, 1/30 வச்சுப் பாருங்க.

ஃபோகஸ் தொடர்முறை, அதாவது ஓடுற வண்டிய விடாம ஃபோகஸ் பண்ணிக்கிட்டே இருக்கிற ஏஎஃப்-சி. கேனன்ல ஏஐ சர்வோ. ஃபோகஸுக்கு நடுப்புள்ளி ஒண்ணு போதும். லென்ஸ்ல அதிர்வுத் தடுப்புக்குப் பேனிங்குக்கான மோட் 2 இருந்தா அத வைங்க. நிக்கான்ல நார்மலே பேனிங்கப் புரிஞ்சுக்கும்.

[திரையில்: கால் மட்டும் தெரியுது. பிறகு இடுப்பு.]

இந்தக் காலப் பாருங்க. பாதம் வண்டி வர்ற திசைக்கு இல்ல, படம் எடுக்கப் போற இடத்துக்கு நேரா இருக்கு. இடுப்ப மட்டும் முறுக்கி, வர்ற வண்டியப் பிடிக்கிறோம். வண்டி நெருங்க நெருங்க முறுக்கு தானா அவிழும். பாதத்த வண்டி பக்கம் வச்சீங்கன்னா, எடுக்கிற நேரத்துல உடம்பு இறுகிப் போகும். முழங்கை விலாவோட ஒட்டியிருக்கட்டும். ஓட்டுறவர் ஹெல்மெட்ல புள்ளிய வச்சுத் தொடருங்க, நேர் எதிர்ல வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலயே பட்டன அமுக்கி அஞ்சாறு படம் தொடரா எடுங்க. அமுக்கி முடிச்ச பிறகும் திரும்பிக்கிட்டே இருங்க.

அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. பட்டன் சத்தம் கேட்டதும் கை நின்னுடும். படத்துல மோட்டார் முன்பின்னா இழுபட்டிருந்தா பெரும்பாலும் காரணம் அதுதான். கோடு அலையலையா இருந்தா பட்டனக் குத்தி அமுக்கியிருக்கீங்க. கோடு சரிஞ்சிருந்தா கேமராவச் சாய்ச்சுப் பிடிச்சிருக்கீங்க.

சின்னத் திரையில எல்லாப் படமும் நல்லாத்தான் தெரியும், நம்பாதீங்க. ஹெல்மெட்ட பெரிசாக்கிப் பாருங்க. 20ல ரெண்டு தேறுனா நல்ல நாள். ஹெல்மெட் மட்டும் மேலும் கீழுமா ரெட்டையா தெரிஞ்சா, உங்க கையக் குறை சொல்லாதீங்க. சடக்கப் பாருங்க, அந்த இடத்துல வேகத்தடையோ குழியோ இருக்கும். அத விட்டுப் பத்து மீட்டர் தள்ளி நில்லுங்க.