வந்து சேர்ந்தவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த ஜனவரிக் குளிரில் ஸ்வெட்டரும் சால்வையுமாக ஆர்.கே.புரம் வரை வந்து உட்கார்ந்திருக்கும் டெல்லித் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'ராமேஸ்வரத்துக்குப் பெரிதும் பெருமை சேர்த்தவர்கள் அங்கே பிறந்தவர்களா, அங்கே வந்து சேர்ந்தவர்களா?' இதுதான் தலைப்பு. வந்து சேர்ந்தவர்களே என்று சொல்ல எழுந்திருக்கிறேன். நான் ராமநாதபுரத்துக்காரி. பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது ஜன்னல் வழியாகக் கடலில் காசு போட்டு வளர்ந்தவள். அந்தத் தீவு எனக்குப் பக்கத்து வீடு மாதிரி.

எதிரணியைத் தொடங்கி வைத்த அண்ணன் அப்துல் கலாம் என்ற பெயரைச் சொன்னதுமே கைதட்டல் எழுந்தது. நானும்தான் தட்டினேன். அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியைச் சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர்த்ததை அண்ணன் சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது. கலாம் ஐயா எங்கள் அணிக்கும் ஐயாதான். ஆனால் அவருடைய சின்ன வயதில் இரண்டு விஷயங்களை அண்ணன் தொடாமல் போய்விட்டார்.

ஒன்று, அப்பா ஜைனுலாப்தீன் கட்டிய மரப்படகு. அது மீன் பிடிக்கக் கட்டிய படகு இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிப் போகக் கட்டியது. அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டதில் எங்கெங்கிருந்தோ நீராட வந்தவர்களுக்கும் பங்கு உண்டு. இன்னொன்று, செய்தித்தாள். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனது. பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்தே வீசிவிட்டுப் போவார்கள். உறவினர் சம்சுதீனுக்குத் துணையாக அந்தக் கட்டுகளை எடுத்துக் கொடுத்ததுதான் கலாமின் முதல் சம்பாத்தியம். அந்தச் சிறுவனின் கைக்கு உலகம் எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். அது கடல் தாண்டி, ரயிலேறி வந்து மணலில் விழுந்தது.

சரி, கோயிலுக்குள் போவோம். ராமநாதசுவாமி கோயிலில் இரண்டு லிங்கங்கள். ஒன்று சீதை அந்தக் கரை மணலைப் பிடித்துச் செய்தது. அந்த மண்ணிலேயே பிறந்தது. இன்னொன்று அனுமன் கயிலையிலிருந்து கொண்டுவந்த விஸ்வலிங்கம். இது தல புராணம். முதல் பூஜை எதற்கு? வெளியிலிருந்து வந்த லிங்கத்துக்கு! தாமதமாக வந்த அனுமன் மனம் நொந்துவிடக் கூடாது என்று ராமனே அப்படி ஏற்பாடு செய்தானாம். வந்தவருக்கு முதல் மரியாதை என்பது கருவறையிலேயே நடக்கிற ஊர் அது.

அந்தக் கோயிலின் பிராகாரத்தில் நின்று பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தூண், தூணுக்குப் பின்னால் தூண், ஆயிரத்துக்கும் மேல். ஆனால் தீவோ மணலும் பவளப்பாறையும்தான், கருங்கல் கிடையாது. அத்தனை கல்லும் அக்கரையிலிருந்து கடல் தாண்டி வந்தவை. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டி, மூன்றாம் பிராகாரத்தை 18-ஆம் நூற்றாண்டில் முடித்தார்கள். அந்தக் கல்லைச் செதுக்கியவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இப்போது நான் மனதாரப் பேச விரும்பும் மனிதருக்கு வருகிறேன்.

1964 டிசம்பர் 22, இரவு. புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து அங்கே போன பயணிகள் ரயிலை அலை அப்படியே அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்தவர்கள் நூறு பேருக்கும் மேல், ஒருவரும் பிழைக்கவில்லை. 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தில் 146 கண்கள். அதில் 126 கடலுக்குள் போய்விட்டன. சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது என்பதை நினைவில் வையுங்கள். ரயில் இல்லையென்றால் படகு. படகும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை. என் அப்பத்தாவின் தம்பி அப்போது தீவுக்குள் இருந்தார். மண்டபம் கரையில் நின்று அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்த நாட்களைப் பற்றி அப்பத்தா சொல்லும்போது, வெற்றிலையை மெல்லுவதைக்கூட நிறுத்திவிடுவார்.

பாலத்தைச் சரிசெய்ய ஆறு மாதம் கெடு வைத்தது ரயில்வே. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு 32 வயது இளைஞர் ஒருவர் கையில் வந்தது. பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். தீவில் அவருக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. அவரும் ஆட்களும் கடலுக்கடியில் கிடந்த இரும்பு உத்தரங்களைத் தேடித் தூக்கினார்கள், திரும்பவும் தூண்மேல் ஏற்றினார்கள். 46 நாளில் பாலம் தயார். 'முதல் ரயில் ஊதினப்ப எங்க தெருவே அழுதுச்சு' என்பார் அப்பத்தா.

அந்த இளைஞரின் பெயர் இ. ஸ்ரீதரன். இன்று மயூர் விஹாரிலிருந்து இங்கே வர நான் ஏறிய டெல்லி மெட்ரோவைக் கட்டி எழுப்பிய அதே ஸ்ரீதரன்! 2002 டிசம்பர் 24 அன்று ஷாதராவிலிருந்து தீஸ் ஹசாரிக்கு முதல் மெட்ரோ ஓடியபோது, பாம்பன் புயலுக்கு 38 வருடம் ஆகியிருந்தது. நம்மில் பாதிப் பேர் இன்று அவர் போட்ட தடத்தில்தான் வந்து இறங்கினோம்.

எதிரணித் தங்கை ஒரு கேள்வி கேட்டார். 'வந்தார்கள், வேலையை முடித்தார்கள், போய்விட்டார்கள். இவர்களை எப்படி ஊர்க்காரர் என்பது?' நல்ல கேள்விதான் அம்மா. அந்த 46 நாள் வேலைக்குப் பிறகு, எத்தனையோ பழுதுபார்ப்புகளோடு, 2022 டிசம்பர் வரை அந்தப் பாலத்தில் ரயில் ஓடியது. எத்தனை நாள் தங்கினார் என்று பார்ப்பதா, எத்தனை வருடம் தாங்கியது என்று பார்ப்பதா?

தங்கிய நாள்தான் கணக்கு என்றால் விவேகானந்தரையும் தள்ளிவிட வேண்டியிருக்கும். டெல்லியில் ஜனவரி 26 என்றால் நமக்கு அணிவகுப்பு. தீவில் அதே நாளுக்கு இன்னொரு நினைவு உண்டு. மேலை நாடுகளிலிருந்து திரும்பிய சுவாமிகள் இந்திய மண்ணில் முதலில் கால் வைத்தது பாம்பன் குந்துகாலில்தான், 1897 ஜனவரி 26 அன்று. வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு மன்னரும் மக்களோடு சேர்ந்து இழுத்தார். பிறகு ராமேஸ்வரம் கோயிலில் நின்று சுவாமிகள் என்ன பேசினார்? ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே உண்மையான சிவ வழிபாடு என்றார். தீர்த்தமாட வந்த கூட்டத்துக்கு நடுவே, அந்தக் காலத்தில், அதைச் சொல்ல எத்தனை துணிவு வேண்டும்!

கடைசியாக எதிரணிக்கு ஒரு கேள்வி. 2002 முதல் 2007 வரை ராஷ்டிரபதி பவனில் இருந்தவர், அப்புறம் ராஜாஜி மார்க் 10-ஆம் எண் வீட்டில் இருந்தவர் கலாம். 2015-இல் அவர் மறைந்த பிறகு இதே நகரம் ஒரு சாலைக்கு அவர் பெயரை வைத்தது. டெல்லிக்கு அவர் பெருமை சேர்த்தாரா, இல்லையா? சேர்த்தார் என்றால், அவர் இங்கே பிறந்தவரா? பிறந்தவர் மட்டுமே பெருமை சேர்க்க முடியும் என்றால் டெல்லியில் கலாமுக்கே இடம் கிடையாது. இந்த அரங்கத்தில் இருக்கும் நமக்கும் கிடையாது. கரோல் பாகிலும் முனிர்காவிலும் வாடகை வீடு பிடித்து, பிள்ளைக்குத் தமிழும் சொல்லிக்கொடுத்து, இந்த நகரத்தின் ஆபீஸையும் ஆஸ்பத்திரியையும் பள்ளியையும் நடத்துகிற நாம் யார்?

பேய்க்கரும்பில் கலாம் நினைவிடத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வாசல் இந்தியா கேட் சாயலில் இருக்கும், மேலே குவிமாடம் ராஷ்டிரபதி பவன் சாயலில். பிறந்த மகனைத் தீவு அடையாளம் காட்டுவதே அவர் போய்ச் சேர்ந்த ஊரின் வடிவத்தை வைத்துத்தான்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே நிமிடம்.

எங்கள் மாடிவீட்டு அம்மா பனாரஸ்காரர். என் ஊர் ராமேஸ்வரத்துக்குப் பக்கம் என்று தெரிந்த அன்று என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் வீட்டுப் பூஜை அலமாரியில் வாய் அடைத்த காசிச் சொம்பு ஒன்று இருக்கிறது; கழுத்தில் சிவப்பு நூல், உள்ளே கங்கை நீர். ராமநாதருக்கு அபிஷேகம் செய்துவிட்டு, அங்கிருந்து மணல் எடுத்து வந்து கங்கையில் கரைத்தால்தான் அவர்கள் யாத்திரை முடியும். மாமியார் கடைசிவரை ஆசைப்பட்டுப் போக முடியாமல் விட்டுச் சென்ற சொம்பு அது. அடுத்த மாதம் இந்த அம்மா எடுத்துக்கொண்டு போகிறார். டிக்கெட் வந்துவிட்டது. 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாக ஊற்றுவார்களே, மாற்றுப் புடவை எத்தனை வேண்டும் என்று நேற்று என்னிடம் கேட்டார். இரண்டு என்று சொல்லியிருக்கிறேன்.

தீர்ப்பு உங்கள் கையில். நன்றி, வணக்கம்.