வாய்விட்டுச் சொன்னால்தான் கதை

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் அன்பு வணக்கம்.

நான் திருகோணமலையில் உயர்தர வகுப்பில் படிக்கும் மாணவி. நாடகமும் அரங்கியலும் எனக்கு ஒரு பாடம். வகுப்பில் நாங்கள் செய்த ஆற்றுகைகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பேசுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் வாசிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடிப்புக்கு வழி எனக்கு அங்கிருந்துதான் திறந்தது.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் விநாயக விரதம் வந்தால் 21 நாளும் பிள்ளையார் கதை படிப்பார்கள். சித்திரா பௌர்ணமிக்குச் சித்திரபுத்திரனார் கதை. புராணம் படிப்பதென்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார், மற்றவர் பயன் சொல்வார், அதாவது பாட்டின் பொருளை விரித்துச் சொல்வார். சின்ன வயதில் நான் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். பாட்டு எனக்குப் பாதிகூட விளங்காது. பயன் சொல்பவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பாட்டில் ஒரு சொல்லாக வந்து போகும் காட்டை அவர் மரம் மரமாக விரிப்பார். சனம் களைத்துவிட்டது என்று தெரிந்தால் அடுத்த பாட்டுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போவார். யாராவது 'ஐயோ' என்று சொன்னால் அந்த இடத்தில் கொஞ்சம் நிற்பார். புத்தகம் ஒன்றுதான். கேட்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவர் அதை ஒவ்வொரு நாளும் வேறு மாதிரிச் சொன்னார்.

வாசிப்பும் கதை சொல்லலும் நடிப்பும் அங்கே ஒன்றாகவே இருந்தன. பாடசாலையில் இவற்றைப் பிரித்துவிட்டோம் என்பதுதான் என் மனக்குறை. வாசிப்பு என்றால் வாய் திறக்காமல் இருப்பது. கதை என்றால் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு. நாடகம் என்றால் தமிழ்த்தினப் போட்டிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும். இப்படிப் பிரிந்து கிடப்பதால் மூன்றுமே மெலிந்துபோய்விட்டன என்று நினைக்கிறேன்.

கூத்தைப் பாருங்கள். மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கமும் அதற்குத் தெற்கே மட்டக்களப்பு முழுவதும் ஆடிய கூத்தில், ஆடும் இடமான களரியின் ஓரத்தில் கொப்பி பார்ப்பவர் ஒருவர் நிற்பார். அவர் அடியை எடுத்துக் கொடுப்பார், கூத்தர் பாடி ஆடுவார், பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளம் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும். வட்டக்களரியைச் சுற்றி நான்கு பக்கமும் சனம். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவர்கூடப் பாரதக் கதை முழுவதையும் பாட்டோடு வைத்திருந்தார் என்றால், அவர் அதைக் காதால் வாசித்தார் என்றுதான் சொல்வேன். விடிய விடிய ஆடிய கூத்தைப் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்ததைப் பாடத்தில் படிக்கிறோம். பரீட்சைக்கு அது நல்ல கேள்வி. ஆனால் கொப்பியும் குரலும் காலும் ஒரே இடத்தில் வேலை செய்த அந்த முறை ஒரு வகுப்பறைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை.

சரி, இனி வகுப்புக்கு வருகிறேன்.

ஒருமுறை எங்கள் ரீச்சர் எங்களைக் குழுக்களாகப் பிரித்து, நம்முடைய ஊரில் நடக்கும் ஒரு தொழிலைப் பொருள் எதுவும் இல்லாமல் செய்து காட்டச் சொன்னார். நாங்கள் கரைவலை இழுப்பதை எடுத்தோம். கடற்கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டு வரிசையில் நின்று இழுத்தோம். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கயிறு தெரியவில்லை. எல்லோரும் கையால் இழுத்தோம், ஆளுக்கொரு வேகம், முகத்தில் மட்டும் பெரிய கஷ்டம்.

அந்தக் குழுவில் அதிகம் பேசாத ஒரு பிள்ளை இருந்தாள். அவளுடைய அப்பா வலை இழுக்கிறவர். அவள் முன்னுக்கு வந்து, "கையை விடுங்கோ, காலைப் பாருங்கோ" என்றாள். குதிக்காலை மணலில் புதைக்க வேண்டும். உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துவிட வேண்டும், இழுப்பது உடம்பின் பாரம்தான். பிறகு ஒரு அடி பின்னுக்கு. இப்படியே எல்லோரும் பின்னுக்குப் போகப் போக, கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டுவிட்டு நடந்து போய்த் தண்ணீர் ஓரத்தில் முதல் ஆளாகப் பிடிக்க வேண்டும். அடுத்தவர் அப்படியே. வரிசை சுற்றிக்கொண்டே இருக்கும். கரையில் இரண்டு கயிற்றுக்கும் இரண்டு கூட்டம், தூரத் தூர நின்று தொடங்குவார்கள், வலை கரைக்கு வர வர இரண்டு கூட்டமும் நெருங்கி வரும்.

இதைச் செய்தவுடன் அந்த வகுப்பறை மாறிவிட்டது. எங்களிடம் இல்லாத கயிறு எல்லோருடைய கண்ணுக்கும் தெரிந்தது. அப்புறம் அவள் அம்பா எடுத்தாள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் பாட்டு அது. கால் பின்னுக்குப் போவதும் பாட்டு திரும்புவதும் ஒரே நேரத்தில் நடந்தன. வாங்கில் இருந்து பார்த்தவர்களும் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். தாளம், உடல்மொழி, குழுநடிப்பு, மேடையில் இடத்தைப் பயன்படுத்துதல் என்று நாங்கள் கொப்பியில் தனித்தனித் தலைப்பாக எழுதி வைத்திருந்த அத்தனையும் அந்தக் கரைவலைக்குள் இருந்தன. அதை எங்களுக்குக் கற்றுத் தந்தவள் பேச்சுப் போட்டிக்கோ நாடகப் போட்டிக்கோ ஒருநாளும் தெரிவு செய்யப்படாத பிள்ளை.

இந்தத் தெரிவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நான் கண்டவரை, போட்டி வந்தால் நன்றாகப் பேசுகிற, குரல் எடுப்பான அதே சில பிள்ளைகளைத்தான் ஒவ்வொரு வருடமும் எடுப்பார்கள். நானும் அதில் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். மற்றப் பிள்ளைகள் பார்வையாளர், அல்லது திரை இழுப்பவர். பரிசு வர வேண்டும் என்ற அவசரம் எனக்கு விளங்குகிறது. ஆனால் வகுப்பறை ஆற்றுகைக்குப் பரிசு இல்லை, நடுவர் இல்லை. அங்கே எல்லோருக்கும் முறை வர வேண்டும். வாய் திறக்காத ஒரு பிள்ளைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் பாடசாலையில் வேறு இல்லை.

அடுத்தது கதை சொல்லல். எங்கள் ஊரில் கதைக்கா பஞ்சம்? கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் இராவணன் வெட்டு, கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், கந்தளாய்க் குளத்தைக் கட்டிய குளக்கோட்டன் என்று கால் வைத்த இடமெல்லாம் ஒரு கதை நிற்கிறது. ஒரு பாடவேளையில் எல்லோரும் இராவணன் கதையை வீட்டில் கேட்டு வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். கதையின் எலும்பு எல்லோருக்கும் ஒன்றுதான். இராவணனின் தாய்க்கு உடம்புக்கு வருத்தம், அவளால் கோணேசரை வந்து கும்பிட முடியவில்லை, மகன் மலையையே பெயர்த்துக்கொண்டு போகப் பார்த்து வாளால் வெட்டுகிறான், பிறகு தாய் இறந்த செய்தி கேட்டு அவளுடைய கடனைச் செய்யக் கன்னியாவில் ஊற்றுக்களை உண்டாக்குகிறான். இதை ஒருவன் வீரக் கதையாகச் சொன்னான், மேசையில் அடித்து வாள் வெட்டும் சத்தம் எல்லாம் போட்டான். நல்ல கைதட்டல் கிடைத்தது. இன்னொருத்தி எழுந்து, தாயின் பக்கத்தில் இருந்து சொன்னாள். படுத்த படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவி, 'எனக்காக மலையை உடைக்காதே மகனே, வந்து பக்கத்தில் இரு' என்று சொல்வதாக அவளே சேர்த்துக்கொண்டாள். புராணத்தில் அப்படி இல்லைத்தான். ஆனால் வருத்தக்காரரை வீட்டில் வைத்துப் பார்த்த பிள்ளைக்குத்தான் அந்த வரி வரும். அதற்கு யாரும் கைதட்டவில்லை, கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவும் இல்லை.

எங்கள் ஊரில் இராவணன் தாய்க்காக அழுகிற மகன். வேறு ஊர்களில் அவனைப் பத்துத் தலை அரக்கனாக மட்டும் அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். பேராதனையில் அவனை மையமாக வைத்து இராவணேசன் என்ற கூத்து மேடையேறியது என்று படித்தபோது எனக்கு அது அந்நியமாகவே படவில்லை. கன்னியாவில் குளித்த பிள்ளைகளுக்கு அந்த இராவணனை ஏற்கெனவே தெரியும்.

கிண்ணியாவில் இருந்து வரும் என் தோழி வேறு ஒரு கதை கொண்டுவந்தாள். 2009இல் பாலம் திறப்பதற்கு முன்னால் கிண்ணியாவுக்குப் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் தண்ணீரைக் கடக்க வேண்டும். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு மெல்ல மெல்லப் போகும். அந்தப் பாதைக்காகக் காத்து நின்ற ஒரு இரவைப் பற்றி அவளுடைய உம்மா சொன்னதை அப்படியே அந்தப் பேச்சில் சொன்னாள். கிண்ணியாப் பேச்சின் இழுவையும் ஏற்ற இறக்கமும் அந்தக் கதைக்கு வேண்டியிருந்தன. மேடைத் தமிழில் சொல்லியிருந்தால் உம்மா காணாமல் போயிருப்பார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பேச்சோடு கதை சொல்ல இடம் கொடுத்த ஆசிரியருக்கு நான் இந்த வானொலி வழியாக நன்றி சொல்கிறேன்.

எல்லாக் கதையையும் நடித்துக் காட்டிவிட முடியாது என்பதையும் இதே வகுப்பில் படித்தேன். ஒரு குழு 2004 சுனாமியை எடுத்தது. நாங்கள் அந்தக் கடலைக் கண்டவர்கள் இல்லை, பிறகு பிறந்தவர்கள். ஆனால் இங்கே எத்தனையோ வீடுகளில் அந்தக் காலை இன்னும் இருக்கிறது. ஒத்திகையில் ஓடுவது, கத்துவது, மார்பில் அடித்து அழுவது என்று தொடங்கினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் எழுந்து வெளியே போய்விட்டான். அவனுடைய குடும்பத்தில் இழப்பு நடந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்புறம் அந்தக் குழு அவனோடு பேசியது. செய்ய வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை, அழுது காட்ட வேண்டாம் என்றுதான் சொன்னான்.

அவர்கள் முறையை மாற்றினார்கள். குழந்தை சண்முகலிங்கத்தின் நாடகங்களை நாங்கள் படிக்கிறோம். அவற்றில் உரைஞர்கள் வந்து கதையைத் தங்களுக்குள் பகிர்ந்து சொல்வார்கள். பாத்திரமாக மாறாமலே ஒருவருடைய வேதனையைச் சபைக்கு முன் வைக்க அது வழி தருகிறது. அந்தக் குழுவும் அசையாமல் நின்று, வீட்டில் கேட்ட வரிகளை ஒவ்வொருவராகச் சொன்னது. அடுப்பில் என்ன இருந்தது, யார் எங்கே போயிருந்தார்கள், கதவு திறந்திருந்ததா. அவ்வளவுதான். மார்பில் அடித்த ஒத்திகையில் வராத கனம் அந்தச் சின்னச் சின்ன வரிகளில் வந்தது. இன்னொருவரின் துயரத்தை நடிக்க எடுக்கும்போது அவரிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். என் நாடகப் படிப்பில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

புத்தகங்களைப் பற்றியும் சொல்கிறேன். இந்த ஊருக்குப் பழைய வாசிப்பு உண்டு. 1891இல் ஊசோன் பாலந்தை கதையை எழுதிய இன்னாசித்தம்பி திருகோணமலைக்காரர். 1895இல் மோகனாங்கி என்ற வரலாற்று நாவலை எழுதிய சரவணமுத்துப்பிள்ளையும் எங்கள் ஊர்தான். தமிழில் நாவல் என்பதே புதிதாக இருந்த காலத்தில் இந்தக் கடற்கரையில் இருந்து இருவர் எழுதியிருக்கிறார்கள். இங்கே இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த சுவாமி விபுலாநந்தர் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்து மதங்க சூளாமணி எழுதினார், அது 1926இல் வெளிவந்தது. என் வயதுப் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெயர்கள் பரீட்சைக் குறிப்பாக மட்டும் தெரியும்.

மதங்க சூளாமணி எனக்குக் கடினமாக இருந்தது. மனத்துக்குள் வாசித்தால் ஒரு பக்கத்திலேயே நின்றுவிடுவேன். நானும் தோழியும் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினோம், புராண படனம் மாதிரி. அவள் படிப்பாள், நான் பயன் சொல்வேன். பிறகு மாற்றிக்கொள்வோம். மூச்சு எங்கே முடிகிறது என்று பார்த்தால் பொருள் எங்கே முடிகிறது என்பதும் தெரிகிறது. விளங்காத இடத்தில் குரல் தானாகத் தட்டையாகிவிடும், உடனே இருவருக்கும் தெரிந்துவிடும், திரும்பப் போவோம். கண்ணால் வாசிக்கும்போது விளங்காததைத் தாண்டிப் போய்விடலாம். இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது அது நடக்காது.

அதனால் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்தப் பாடமானாலும், வாரத்தில் ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கித் தாருங்கள். ஒரு பிள்ளை வாசிக்கட்டும், இன்னொரு பிள்ளை பயன் சொல்லட்டும். முறை வைத்து எல்லோருக்கும் வரட்டும், கடைசி வாங்கில் இருப்பவர்களுக்கும். புள்ளி போட வேண்டாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கரைவலையில் அம்பா பாடியவர்கள், கூத்தில் பிற்பாட்டுப் பாடியவர்கள், பாதையில் ஆள் ஏற்றியவர்கள் உங்களில் இருப்பீர்கள். பேரப்பிள்ளை கொப்பியோடு வந்து கதை கேட்டால், "எனக்கு என்ன தெரியும்" என்று அனுப்பிவிடாதீர்கள். முடிந்தால் ஒருநாள் பாடசாலைக்கே வாருங்கள். அதிபரிடம் சொல்லிவிட்டு வந்தால் போதும், எங்களுக்கு மேடையும் வேண்டாம், ஒலிவாங்கியும் வேண்டாம். வாங்குகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவில் இடம் வைத்திருப்போம்.

வாய்ப்புத் தந்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.