மலைக்குள் தேங்கும் தண்ணீர்: மண்சரிவு எப்படி நடக்கிறது?

[திரையில்: மூணாறு அருகே ராஜமலை, மழை மூடிய தேயிலைச் சரிவு]

2020 ஆகஸ்ட் 6, இரவு. பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்த லயங்கள், அதாவது தோட்டத்தின் வரிசை வீடுகள் மேல் மலை இறங்கியது. 70 பேரை இழந்தோம். பெரும்பாலும் தமிழர்கள், கயத்தாறு பக்கத்திலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் பல. போன் வேலை செய்யவில்லை. வெளியே செய்தி தெரிந்ததே மறுநாள் காலையில்தான்.

மண் பெயர்ந்த இடம் லயத்துக்குப் பின்னாலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது வெகு தூரம் மேலே, இரவிகுளம் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருந்தது. அங்கே கிளம்பிய சேறும் பாறையும் பள்ளம் பிடித்து இறங்கி, கீழே இருந்த வீடுகளை அள்ளிக்கொண்டு போயின. அதனால் வீட்டுக்குப் பின்னால் செங்குத்தான மேடு இல்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது. மேலிருந்து வரும் ஓடை எந்த வழியாகப் போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

[திரையில்: சரிவின் குறுக்குவெட்டுப் படம். அடியில் பாறை, மேலே மண்]

சரி, மண் ஏன் பெயர்கிறது? மலையில் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. அதன் மேல் பாறை உளுத்து உண்டான மண். மண் துகள்கள் ஒன்றோடொன்று அழுந்தி உரசிக்கொண்டிருப்பதால்தான் சரிவு நிற்கிறது. தொடர்ந்து மழை பெய்யும்போது தண்ணீர் உள்ளே இறங்குகிறது; பாறையைத் தொட்டதும் அதற்கு மேல் இறங்க வழியில்லாமல் தேங்குகிறது. தேங்கிய தண்ணீரின் அழுத்தம் துகள்களைப் பிரித்துத் தள்ளுகிறது. உரசல் குறைகிறது. மண்ணின் எடையோ கூடிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் எடை ஜெயித்துவிடுகிறது.

ரோட்டுக்காகச் சரிவின் அடியை வெட்டினாலும், தண்ணீர் போகும் வடிகாலை மண் போட்டு மூடினாலும் அந்தக் கட்டம் சீக்கிரம் வரும். 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டம் முழுக்கச் சரிவுகள்.

[திரையில்: வாசல் நிலை, தரை விரிசல், கலங்கிய ஓடை]

சரிவதற்கு முன் மலை பல நேரம் அடையாளம் காட்டும். நேற்று வரை நன்றாக மூடிய கதவு இன்று நிலையில் இடிக்கும். தரையில் புது விரிசல் ஓடும். கரண்ட் கம்பம் சாயும். இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும். எல்லாவற்றையும் விட ஆபத்தானது, கொட்டும் மழையில் ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைவது. மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கலாம். அடைப்பு உடைந்தால் மொத்தமும் ஒரேயடியாக வரும். அப்போது ஓடையோடு கீழ்நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில், மேடான இடத்துக்குப் போங்கள்.

[திரையில்: இலங்கை, பதுளை மாவட்டம்]

2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருஷங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். "ஏன் போகவில்லை?" என்று அந்த மக்களைக் கேட்பது எனக்குக் கோபம் வரவழைக்கிற கேள்வி. வீடும் தோட்டத்தினுடையது, நிலமும் தோட்டத்தினுடையது. மாற்று வீடு தராமல் கிளம்பு என்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

அப்புறம், மழையை நீங்களே அளக்கலாம். இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் கிளம்பத் தயார், 150 தாண்டினால் வெளியேற்றம். இது இலங்கைச் சரிவுகளுக்கான கணக்கு. உங்கள் ஊருக்கான அளவை அங்குள்ள பேரிடர் மேலாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்.

நேர்ப்பக்கம் உள்ள ஒரு டப்பாவை மரமும் கூரையும் இல்லாத வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் அளந்துவிட்டுக் காலி செய்யுங்கள். அளக்க, பள்ளிக்கூட ஸ்கேலை உள்ளே விட்டுப் பாருங்கள். 150 மில்லிமீட்டர் என்பது அந்த ஸ்கேலில் 15 சென்டிமீட்டர். ராத்திரி படுக்கப் போகும் முன்னும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.