கேட்கப்படாத அந்த மூன்று பேர்

செய்தி எழுதும் நண்பர்களே,

2014 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ் சுமார் 9,000 சொற்களில் ஒரு கட்டுரை வெளியிட்டது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், ஃபை கப்பா சை என்ற மாணவர் மன்றத்தின் வீட்டில், 2012 செப்டம்பரில் தன்னை ஏழு பேர் கூட்டு வன்புணர்வு செய்ததாக ஒரு மாணவி சொன்னதுதான் அதன் மையம். சில நாட்களிலேயே வாஷிங்டன் போஸ்ட் அதன் ஓட்டைகளை வெளிக்கொண்டு வந்தது. 2015 ஏப்ரலில் கொலம்பியா இதழியல் பள்ளியின் ஆய்வறிக்கை வந்ததும் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

அந்தப் பெண்ணை நம்பியதுதான் தவறு என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம்பிக்கையோடு கேட்டதில் பிழை இல்லை. கேட்டதோடு நின்றுவிட்டதுதான் பிழை.

சம்பவ இரவில் அவரை வந்து பார்த்த நண்பர்கள் மூன்று பேர். அவர்கள் பேசியதாக மேற்கோள் குறிக்குள் வசனங்களே வந்தன, அதுவும் மருத்துவமனைக்குப் போனால் நம் பெயர் கெடும் என்று தயங்கியதாக. அந்த மூவரில் ஒருவரிடம்கூட நிருபர் பேசவில்லை. வசனங்கள் அனைத்தும் மாணவியின் வாய்வழி வந்தவை. வாசகருக்கு அது சொல்லப்படவில்லை. தகவல் சரிபார்ப்பவர் வரைவின் ஓரத்தில், இதை மாணவி சொன்னதாகப் போடலாமா என்று கேட்டே வைத்திருந்தார். அது அப்படியே விடப்பட்டது. பிறகு போஸ்ட் அந்த மூவரையும் தேடிப் பேசியபோது, அந்த இரவைப் பற்றி அவர்கள் சொன்னது வேறாக இருந்தது.

எதிர்த்தரப்பிடம் கேட்டதும் பெயரளவுக்குத்தான். குற்றச்சாட்டு குறித்துக் கருத்துச் சொல்ல முடியுமா என்ற அளவில்தான் மன்றத்திடம் கேட்டார்கள். எந்தத் தேதி, என்ன நிகழ்ச்சி, என்ன குற்றச்சாட்டு என்ற விவரம் தரவில்லை. தந்திருந்தால், அந்த வார இறுதியில் அங்கே விருந்து எதுவும் நடக்கவில்லை என்ற மன்றத்தின் பதில் அச்சுக்கு முன்பே கைக்கு வந்திருக்கும். முக்கியக் குற்றவாளி என்று சொல்லப்பட்டவரின் முழுப்பெயரைத் தர மாணவி தயங்கினார், சில நாள் பேசுவதையே நிறுத்தினார். குற்றம் சாட்டப்பட்ட அந்த நபரைத் தேடுவதைக் கைவிட நிருபர் சம்மதித்தார். அந்த இடத்திலேயே இந்தச் சம்பவத்தை ஒதுக்கிவிட்டு, சரிபார்க்க முடிந்த வேறொன்றை எடுத்திருக்க வேண்டும்.

ஆகவே புகார் சொல்பவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: 'நீங்கள் சொல்வதை நான் மற்றவர்களிடமும் கேட்பேன். யாரிடம், எப்போது என்பதை உங்களுக்குத் தெரிவித்துவிட்டே கேட்பேன்.' இது அவரைச் சந்தேகிப்பது ஆகாது. நாளை ஊரே குடையும்போது அவரைக் காப்பது இதுதான். குறுக்கிடாமல் பேச விடுங்கள். அதிர்ச்சிக்குள்ளானவர்களின் நினைவில் வரிசை முன்பின் ஆகலாம், அதை வைத்துப் பொய் என்று முடிவுகட்டாதீர்கள். அதேசமயம் வெளியிலிருந்து பார்க்கக்கூடியவற்றை விடாதீர்கள்: அன்று யாரை அழைத்தார், வாட்ஸ்அப்பில் என்ன எழுதினார், விடுதி வருகைப் பதிவேடு, மருத்துவச் சான்று, பாலியல் துன்புறுத்தல் புகார்களை நிறுவனத்துக்குள்ளேயே விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவுக்குக் கொடுத்த மனுவின் நகல். சம்பவம் நடந்த உடனே யாரிடம் சொன்னாரோ, அவரிடம் தனியாகப் பேசுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தேதி, இடம், குற்றச்சாட்டு எல்லாம் எழுதிக் கேள்வி அனுப்புங்கள். பதில் சொல்ல இரண்டு நாளாவது கொடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒரே ஒரு அழைப்பு விட்டுவிட்டு, 'தொடர்புகொள்ள முயன்றோம், பதில் இல்லை' என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

நம் சட்டமும் கையில் இருக்கட்டும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது நம் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம், 2 ஆண்டு வரை சிறை. பெயரை மறைத்தால் மட்டும் போதாது. துறை, ஆண்டு, சொந்த ஊர் மூன்றையும் சேர்த்துப் போட்டால் வகுப்புக்கே ஆள் தெரிந்துவிடும். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கை கசிந்து, மாணவியின் விவரங்கள் வெளியே வந்தன; சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. காவல் துறை ஆவணத்தில் இருக்கிறது என்பதாலேயே எதுவும் நாம் அச்சிடத் தக்கதாகிவிடாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டம் 2013இன் 16ஆம் பிரிவு, புகார்க்குழு விசாரணையில் எதிர்த்தரப்பின் அடையாளத்தையும் காக்கச் சொல்கிறது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அதே சட்டத்தின் 14ஆம் பிரிவில் இன்னொன்று உண்டு: புகாரை நிரூபிக்க முடியாமல் போனாலே அது பொய்ப் புகார் ஆகாது. வர்ஜீனியாவிலும் 2015 மார்ச்சில் அந்தப் பல்கலைக்கழகம் உள்ள சார்லட்ஸ்வில் நகரின் காவல் துறைத் தலைவர், கட்டுரையில் சொல்லப்பட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார். ஆனால் அந்த மாணவிக்குக் கொடுமை எதுவும் நேரவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது என்றும் சொன்னார். 'ஆதாரம் கிடைக்கவில்லை' என்பதை 'நாடகம் அம்பலம்' என்று தலைப்பிடும் கைகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கடைசியாக, திருத்தம். 2014 டிசம்பர் 5 அன்று ரோலிங் ஸ்டோன் முதலில் வெளியிட்ட குறிப்பில், அந்த மாணவிமீது நாங்கள் வைத்த நம்பிக்கை பிழையாகிவிட்டது என்று எழுதியது. பழி அவர் தலையில் விழுந்தது. கண்டனம் எழுந்த பிறகே அந்த வரியை நீக்கி, தவறு எங்களுடையது என்று மாற்றினார்கள். அந்தக் குறிப்பில் முதலிலேயே இருந்திருக்க வேண்டியவை: நாங்கள் யாரிடம் பேசவில்லை, எதைக் கேட்கவில்லை, எதைப் பார்த்தும் விட்டுவிட்டோம்.