சஞ்சய் தத்தை மன்னித்தது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

குற்றம் செய்த ஒரு பிரபலத்தை மக்கள் மன்னிக்கலாமா என்று பேச அழைத்திருக்கிறார்கள். இதைப் பொதுவாகப் பேசினால் எங்கும் போய்ச் சேராது. அதனால் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். 2023-இல் 'லியோ' படத்தில் விஜய்க்கு அப்பாவாக வந்து நம் ஊர்த் தியேட்டர்களிலும் கைதட்டு வாங்கினாரே, சஞ்சய் தத், அவர்தான்.

1993 மார்ச் 12-ஆம் தேதி பம்பாயில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 257 பேர் செத்துப்போனார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, அந்தச் சதிகாரர்களோடு தொடர்புடைய ஆட்கள் சஞ்சய் தத்தின் வீட்டுக்கு ஆயுதங்கள் கொண்டுவந்தார்கள். மற்றவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு ஏகே-56 துப்பாக்கியை மட்டும் அவர் வைத்துக்கொண்டார். குண்டுவெடிப்புக்குப் பிறகு, படப்பிடிப்புக்காக மொரீஷியஸ் போயிருந்த இடத்திலிருந்து நண்பருக்கு போன் போட்டு அதை அழிக்கச் சொன்னார். அப்போது பம்பாயில் நடந்த கலவரத்தில் அடிபட்ட மக்களுக்கு அப்பா சுனில் தத் உதவியதால் குடும்பத்துக்கு மிரட்டல் வந்தது, அந்தப் பயத்தில் வாங்கினேன் என்பது அவர் சொன்ன காரணம். பயம் நிஜமாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவரிடம் ஏற்கெனவே லைசென்ஸ் துப்பாக்கிகள் இருந்தன. பயந்தவர்கள் எல்லாரும் ஏகே-56 வாங்கி வைப்பதில்லை.

சரி, மக்கள் அவரை எப்போது மன்னித்தார்கள்? 2003-இல் 'முன்னாபாய்' வந்தது. நாம் 'வசூல்ராஜா'வாகப் பார்த்த அதே கதை. அதன் அடுத்த பாகம் 2006 செப்டம்பரில் வந்தது. அதில் அவர் காந்தியோடு பேசும் நல்ல ரவுடி. நாடே கொண்டாடியது. தீர்ப்பு வந்ததோ அதே ஆண்டு நவம்பரில். பயங்கரவாதக் குற்றச்சாட்டு நிற்கவில்லை, ஆயுதச் சட்டத்தில் குற்றவாளி என்றார் நீதிபதி. அதாவது, குற்றவாளியா இல்லையா என்று நீதிமன்றம் சொல்வதற்கு முன்பே கொட்டகையில் மன்னிப்பு முடிந்துவிட்டது. மன்னிக்கப்பட்டது சஞ்சய் தத்தா, முன்னாவா? எனக்குச் சந்தேகமே இல்லை, முன்னாதான். 2013-இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்து, ஆறு ஆண்டு சிறையை ஐந்தாகக் குறைத்தபோது, அவருக்குப் பொதுமன்னிப்பு கேட்டவர்களில் முன்னாள் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜுவும் ஒருவர். நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். காந்தியின் செய்தியைப் படத்தின் மூலம் மக்களிடம் கொண்டுபோனவர் சஞ்சய் தத் என்பதையும் கட்ஜு ஒரு காரணமாகச் சொன்னார். வசனம் எழுதியவருக்குச் சேர வேண்டிய புண்ணியம் நடிகரின் கணக்கில் ஏறியது.

ஆனால் சஞ்சய் தத் புனேயில் உள்ள எரவாடா சிறைக்குப் போனார். காகிதப் பை செய்தார், சிறைக்குள் ஒலித்த வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார். இடையிடையே பரோலிலும் வந்து போனார். 2016 பிப்ரவரியில், நன்னடத்தைக்காகச் சுமார் எட்டு மாதம் முன்னதாகவே விடுதலை. தண்டனையை அனுபவித்துவிட்டு வந்தவர் மறுபடி வேலை பார்க்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அவர் படத்தைப் பார்ப்பதும் தப்பில்லை. ஆனால் படம் பார்ப்பது வேறு, மன்னிப்பது வேறு. குண்டுவெடிப்புச் சதியில் அவருக்குப் பங்கில்லை என்பதை நான் ஏற்கிறேன். ஆனாலும் அந்த ஆயுதங்கள் வந்த வழியில் நின்றவர் அவர். மன்னிப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது உறவைப் பறிகொடுத்த குடும்பங்கள். டிக்கெட் வாங்கிய நாம் அதைச் சொல்ல முடியாது.

என் மனதை அரிப்பது வேறொன்று. சஞ்சய் தத் திருப்பிக் கொடுத்தாரே, அந்த ஆயுதங்கள் ஒரு பெண்மணியின் வீட்டில் போய் இருந்தன என்று வழக்கு. பையில் என்ன இருக்கிறதென்றே தெரியாது என்றார் அந்தப் பெண்மணி. அவருக்குப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவிலேயே தண்டனை, ஐந்து ஆண்டு. 2013-இல் அதுவும் உறுதியானபோது அவருக்கு வயது சுமார் 70. கட்ஜு அவருக்காகவும் மன்னிப்பு கேட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் டிவியில் இரவெல்லாம் விவாதம் நடந்தது யாரைப் பற்றி? உங்களில் எத்தனை பேருக்கு அந்த அம்மாவைப் பற்றித் தெரியும்?

அப்புறம் நம் மாநிலத்துக்கு வருவோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 19 வயதில் பிடிபட்ட பேரறிவாளன், சிறையில் இருந்தபடி ஒரு கேள்வி கேட்டார். சஞ்சய் தத்தை முன்கூட்டியே விட்டீர்களே, எந்த விதிப்படி? மத்திய அரசிடம் கருத்துக் கேட்டீர்களா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுச் சரியான பதில் வராமல், 2020-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனார். அவரையும் மற்ற ஆறு பேரையும் விடலாம் என்று தமிழக அமைச்சரவை 2018-இலேயே பரிந்துரைத்திருந்தது. அது ஆளுநர் மாளிகையில் கிடந்தது. 2022 மே 18-இல் உச்ச நீதிமன்றமே தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தித்தான் அவரை விடுவித்தது.

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்தவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. பேரறிவாளனை மன்னிக்கவும் எனக்கு உரிமையில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. யாரை, எந்த விதியின் கீழ், எத்தனை நாள் முன்னதாக விடுகிறோம் என்பதை ஒவ்வொரு மாநிலச் சிறைத்துறையும் வெளிப்படையாக எழுதிப் போடட்டும். நடிகர் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும், நமக்குப் பெயர் தெரியாதவர்களும் இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.